‘ஜெபத்துக்காகத்தான் சொன்னேன்’ என்றால் அது கோள் ஆகாதா?

மழைக்காலம் கேட்டது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் சித்தி மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்து, எங்கள் சபையில் முதல் ஓலையும் (ஆலயத்தில் வாசிக்கும் கல்யாண அறிவிப்பு) வாசித்தாயிற்று. அடுத்த ஓலை வாசிப்பதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இவளுக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்து மாத்திரை சாப்பிட்டிருக்கிறாள். இப்போது மாத்திரையும் இல்லை, வலிப்பும் இல்லை, ஆனாலும் மறைத்துக் கட்டிக்கொள்ளக் கூடாது என்று அவளே மாப்பிள்ளையிடம் சொன்னாள், அவர் வீட்டில் போய்ச் சொன்னார், அத்தோடு முடிந்தது. ஓலை வாசித்த பிறகு நின்றுபோன கல்யாணம் என்றால் ஊரில் எப்படி இருக்கும் என்று சபைக்குப் போகிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இரண்டாம் ஞாயிறு ஆயர் மற்ற ஜோடிகளின் பேரை வாசித்துவிட்டு, இவள் பேர் இல்லாமல் தாளை மடித்தபோதே ஆலயத்தில் பாதித் தலைகள் எங்கள் பெஞ்சுப் பக்கம் திரும்பிவிட்டன.

மனசு கேட்காமல் இவள் எங்கள் பெண்கள் ஜெபக்குழுவை நடத்துகிற அத்தையிடம் போய் அழுதிருக்கிறாள். (சொந்த அத்தை இல்லை, சபையில் எல்லாருக்கும் அவர் அத்தைதான்.) அவரும் கட்டிப்பிடித்து ஜெபம் பண்ணி அனுப்பியிருக்கிறார். அன்று ராத்திரியே குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் நோட்: “பேரு வேண்டாம் பிள்ளைகளா, ஆனா ஓலை வாசிச்சு நின்னுபோச்சே, அந்தப் பிள்ளைக்காக பாரத்தோட ஜெபிங்க. அதுக்கு வலிப்பு இருக்காம், அதனாலதான் தட்டிப்போச்சு. கர்த்தர் அற்புதம் செய்யணும்.” பேரு வேண்டாமாம்! எங்கள் சபையில் ஓலை வாசித்து நின்றுபோனது ஒரே ஒரு பிள்ளைக்குத்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ‘இருக்காம்’ என்பது ‘அடிக்கடி வருதாம்’ ஆகி, வேறொரு தெருவில் ‘அசுத்த ஆவி’ ஆகி, பக்கத்து ஊரிலிருந்து ஒரு ஊழியக்காரர் விடுதலை ஜெபம் பண்ணுகிறேன் என்று எண்ணெய்க் குப்பியோடு வீட்டுக்கே வந்துவிட்டார். சித்தி அவருக்குக் காபி போட்டுக் கொடுத்து அனுப்பினாள், வேறென்ன செய்வாள்.

என் அம்மா அத்தையிடம் லேசாகக் கேட்டதற்கு, “நான் ஜெபத்துக்காகத்தானே சொன்னேன், பொய்யா சொல்லிட்டேன்?” என்று முகம் வாடிவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரிக்கு வேளாவேளைக்குக் கஞ்சி கொண்டுவந்தவர் அவர்தான். அதனால்தான் எனக்குக் குழப்பம்.

நாவைப் பற்றிச் சொல்லும் யாக்கோபு 3-ஐ எங்கள் சபையில் அடிக்கடி பிரசங்கம் பண்ணுகிறார்கள். குதிரையின் கடிவாளம், கப்பலின் சுக்கான், காட்டைக் கொளுத்துகிற சின்ன நெருப்பு எல்லாம் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். ஆனால் அதைக் கெட்ட வார்த்தைக்கும் கோபத்துக்கும்தான் பொருத்திக்கொள்கிறோமே தவிர ஜெபக்குறிப்புக்கு யாரும் பொருத்துவதில்லை. உண்மையான விஷயத்தை, நல்ல மனசோடு, ஜெபத்துக்காகச் சொன்னால் அது கோளா இல்லையா? அப்புறம், அத்தையிடம் நான் பேச வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா? குழுவில் போட ஒரு நீளமான பதில் தட்டி வைத்திருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை. அதைப் படித்த என் தம்பி “இதை அனுப்பினா அத்தை செத்துருவாங்க” என்றான்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:

மகளே, அந்தப் பதிலை அனுப்பாதே. முதல் கேள்விக்கு என் பதில், ஆமாம், கோள்தான். உண்மையாக இருப்பதால் அது மாறிவிடாது. நீதிமொழிகள் 11:13-ஐப் பார், “புறங்கூறித் திரிகிறவன் இரகசியத்தை வெளிப்படுத்துகிறான், ஆவியில் உண்மையுள்ளவனோ காரியத்தை அடக்குகிறான்” என்று இருக்கிறது. இரகசியம் என்றாலே அது நடந்த விஷயம்தானே. அந்த வசனம் பொய்யைப் பற்றிப் பேசவே இல்லை.

அதற்காக ஜெபக்குறிப்பே கொடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. எப்படிக் கொடுப்பது என்று வேதத்திலேயே இருக்கிறது, நாம்தான் கவனிப்பதில்லை. லாசரு சாகக் கிடக்கும்போது மரியாளும் மார்த்தாளும் இயேசுவுக்கு அனுப்பிய செய்தியை எடுத்துக்கொள். “ஆண்டவரே, நீர் சிநேகிக்கிறவன் வியாதியாயிருக்கிறான்.” அவ்வளவுதான். என்ன வியாதி, எத்தனை நாளாக, வைத்தியர் என்ன சொன்னார், ஒன்றும் இல்லை. பேர்கூட இல்லை. செய்தி கொண்டுபோன ஆளுக்கே முழு விவரம் தெரிந்திருக்குமோ என்னவோ.

பிலிப்பி நிருபத்துக்கு வா. எயோதியாள், சிந்திகேயாள் என்று இரண்டு பெண்களுக்குள் மனஸ்தாபம். பவுல் இரண்டு பேரையும் பேர் சொல்லியே, ஒரே சிந்தையாயிருங்கள் என்று புத்தி சொல்கிறார். இந்த நிருபம் சபை கூடியிருக்கும்போது உரக்க வாசிக்கப்பட்டது, அந்த இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்திருக்கக்கூடும். ஆனால் சண்டை எதைப் பற்றி? ஒரு வரி கிடையாது. ஏறக்குறைய 2000 வருஷமாக வியாக்கியானம் எழுதுகிறவர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள், யாருக்கும் தெரியாது. கூடவே, அவர்கள் சுவிசேஷத்துக்காகத் தன்னோடு பிரயாசப்பட்டவர்கள், அவர்களுடைய நாமங்கள் ஜீவபுஸ்தகத்தில் இருக்கின்றன என்று மரியாதையாகவும் எழுதிவிடுகிறார். உங்கள் அத்தை செய்ததோ இதற்கு நேர் எதிர். பேரை விட்டுவிட்டு விவகாரத்தைச் சொல்லிவிட்டார். பேர் மட்டும் போதும், விவகாரம் வேண்டாம்.

அதே நிருபம் 2-ஆம் அதிகாரத்தில் எப்பாப்பிரோதீத்து வருகிறார். மனுஷன் சாகும் தறுவாய்க்குப் போய்ப் பிழைத்தவர். அவருக்குப் பெரிய வியாகுலம் எது தெரியுமா? தான் வியாதிப்பட்டதைப் பிலிப்பியில் இருக்கிறவர்கள் கேள்விப்பட்டுவிட்டார்களே என்பது. 26-ஆம் வசனம். வியாதியைவிட அந்தச் செய்தி ஊருக்குப் போனதுதான் அவரை அரித்திருக்கிறது. உன் தங்கைக்கு இந்த வசனத்தைக் காட்டு. அவள் ஒன்றும் அளவுக்கு மீறி வருத்தப்படவில்லை.

சும்மா ஒருவன்:

குரூப்பை விட்டு வெளியே வாருங்கள் அக்கா. எங்கள் வீட்டில் அம்மா, பெரியம்மா எல்லாரும் இப்படிப்பட்ட நாலைந்து ஜெபக் குரூப்பில் இருக்கிறார்கள். ஊரில் யார் வீட்டில் என்ன என்று எங்களுக்குப் பேப்பர் வாங்காமலே தெரிந்துவிடுகிறது.

கடலோரக் கத்தோலிக்கன்:

நான் கத்தோலிக்கன், எங்கள் அன்பியக் கூட்டத்திலும் (பக்கத்துப் பக்கத்து வீட்டார் கூடிச் செபிக்கும் சின்னக் குழு) இதே கதைதான், அதனால் உள்ளே நுழைகிறேன். உங்கள் அத்தையின் “பொய்யா சொல்லிட்டேன்?” என்ற கேள்விக்கு எங்கள் மறைக்கல்வி ஏட்டில் (1992-இல் வந்தது) நேரடியாகவே பதில் இருக்கிறது, 2477-ஆம் எண். அங்கே மூன்று குற்றங்களைத் தனித்தனியாகச் சொல்கிறார்கள். போதிய ஆதாரம் இல்லாமல் அடுத்தவனிடம் குற்றம் இருப்பதாக மனசுக்குள்ளே முடிவு கட்டுவது ஒன்று, பொய் சொல்லி ஒருவன் பேரைக் கெடுப்பது ஒன்று. மூன்றாவதுதான் இங்கே முக்கியம். தக்க காரணம் இல்லாமல் ஒருவரின் குறையை, அதுவரை தெரியாதவர்களிடம் சொல்வது. அந்தக் குறை உண்மையாக இருந்தாலும் குற்றம்தான். வலிப்பு ஒரு குறையே இல்லை என்பது வேறு விஷயம், ஆனால் நம்மூரில் பெண் பார்க்கும்போது அதைக் குறையாகத்தான் பார்க்கிறார்கள் என்பது அத்தைக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

போப் பிரான்சிஸ் இந்த விஷயத்தை விடாமல் பேசிக்கொண்டே இருந்தவர். 2020 செப்டம்பர் 6 அன்று, ஊரே முகக்கவசம் போட்டுக்கொண்டு திரிந்த நாளில், ஞாயிறு மூவேளைச் செபத்துக்கு வந்தவர்களிடம் புறணி கோவிட்டைவிட மோசமான கொள்ளைநோய் என்றார். அன்றைய நற்செய்தி மத்தேயு 18:15, சகோதரன் குற்றம் செய்தால் முதலில் தனியாகப் போய் அவனிடமே பேசு என்கிற பகுதி. அவர் வழக்கமாகச் சொல்லும் மருந்து நாக்கைக் கடித்துக்கொள்வதுதான். நாக்கு வீங்கிப்போகும், பேச முடியாது, நல்லதுதானே என்பார்.

சீராக் நூல் உங்கள் பைபிளில் இருக்காது, ஆனாலும் 19-ஆம் அதிகாரத்தை ஒரு தரம் வாசித்துப் பாருங்கள். ஒன்றைக் கேள்விப்பட்டாயா, அது உன்னோடு சாகட்டும், தைரியமாயிரு, அதனால் நீ வெடித்துவிட மாட்டாய் என்கிறது. அடுத்த வசனம் இன்னும் குறும்பு. ஒரு செய்தி காதில் விழுந்ததும் முட்டாளுக்குப் பிரசவ வலி கண்டுவிடுமாம்.

கடைசியாக ஒன்று. பாவசங்கீர்த்தனத்தில், அதாவது ஒருவர் தன் பாவங்களை அறிக்கையிடும்போது, கேட்டதைக் குருவானவர் எந்தக் காரணத்துக்காகவும் வெளியே சொல்லக் கூடாது, சொன்னால் சபைவிலக்கு. ஜெபத்துக்காகச் சொன்னேன் என்கிற சமாதானமெல்லாம் அங்கே எடுபடாது. பொதுநிலையினருக்கு அந்தச் சட்டம் இல்லை, சரி. ஆனால் ஒரு பிள்ளை அழுதுகொண்டு வந்து சொன்னதைக் கேட்டவருக்கு அந்தப் பயத்தில் கொஞ்சமாவது இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

விசுவாச வீரன்:

சிஸ்டர், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். “மரணமும் ஜீவனும் நாவின் அதிகாரத்திலிருக்கும்.” நீதிமொழிகள் 18:21. இங்கே பிரச்சினையே நெகட்டிவ் அறிக்கை. அந்த சகோதரி ‘எனக்கு வலிப்பு இருந்தது’ என்று சொன்னதே தப்பு. நாம் எதைப் பேசுகிறோமோ அது நடக்கும். ‘நான் சுகமாயிருக்கிறேன், எனக்கு ஏற்ற துணை வந்தாயிற்று’ என்று தினமும் காலையில் அறிக்கை பண்ணச் சொல்லுங்கள். நீங்களும் அத்தையைப் பற்றி இங்கே நெகட்டிவாக எழுதாதீர்கள். நல்லதையே பேசுங்கள், நல்லதே நடக்கும். ஆமென்.

திண்ணை:

வீரன் பிரதர், கோபித்துக்கொள்ளாதீர்கள், இதற்குப் பதில் எழுதாமல் போக முடியவில்லை. ஒரு பெண் கட்டிக்கொள்ளப் போகிறவனிடம் உண்மையைச் சொன்னது உங்களுக்குத் தப்பாகத் தெரிகிறது, அதை நாலு பேருக்குப் பரப்பினது தப்பாகத் தெரியவில்லை. நாவைப் பற்றிய வசனங்களை இந்தப் பக்கம் திருப்பிவிட்டால் இப்படித்தான் ஆகும்.

18:21-ஐ மட்டும் கத்தரித்து எடுக்காமல் அந்த அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள். 8-ஆம் வசனம் கோள்காரன் வார்த்தை உள்ளத்துக்குள் தைக்கும் என்கிறது. 13-ஆம் வசனம், காரியத்தைக் கேட்கும் முன்னே பதில் சொல்கிறவனுக்கு அது வெட்கம். 17-ஆம் வசனம், வழக்கில் முதலில் பேசுகிறவன் நியாயஸ்தன் மாதிரித் தெரிவான், எதிராளி வந்து கேள்வி கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். எல்லாம் தெருவிலும் வழக்கு மன்றத்திலும் நடக்கிற பேச்சு. ஒரு பொய்ச்சாட்சியால் ஒருவன் தலை போகும், ஒரு நல்ல வார்த்தையால் தப்பும். அந்த அர்த்தத்தில்தான் மரணமும் ஜீவனும். நான் காலையில் எழுந்து எதைச் சொல்கிறேனோ அது சாயங்காலத்துக்குள் உண்டாகிவிடும் என்று அங்கே எங்கும் இல்லை. வாயால் அறிக்கை பண்ணினால் நடக்கும் என்கிற இந்தப் போதனை அமெரிக்காவில் கென்யன் (1867–1948) என்ற போதகர் எழுதினதிலிருந்து வந்தது, கென்னத் ஹேகின் (1917–2003) என்ற இன்னொரு போதகர் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனார், பிறகு டிவி வழியாக நம் வீட்டுக் கூடத்துக்கும் வந்துவிட்டது. அப்போஸ்தலர் காலத்துச் சரக்கு இல்லை.

பவுல் நெகட்டிவாகப் பேசினாரா இல்லையா? “துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்” என்று 2 தீமோத்தேயு 4:20-இல் இருக்கிறது. சுகமானான் என்று அறிக்கை பண்ணவில்லை, இருக்கிறதை இருக்கிறபடி எழுதினார். யோபு தான் பிறந்த நாளையே சபித்தான், அவனுடைய சிநேகிதரோ அச்சுப் பிசகாமல் பக்தியாகப் பேசினார்கள். கடைசியில் கர்த்தர் யாரைப் பார்த்து ‘நிதானமானதைப் பேசவில்லை’ என்றார்? சிநேகிதரைத்தான். அவர்கள் செய்த ஒரே உருப்படியான காரியம், வந்து முதல் ஏழு நாள் வாயைத் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தது.

உங்கள் போதனையில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது பிரதர். வியாதிக்காரன் வாயைத் திறந்து வலிக்கிறது என்று சொல்ல முடியாமல் போகிறது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் சர்க்கரை 300-க்கு மேல் போன பிறகும் பெரியவர் ‘நான் சுகமாயிருக்கிறேன்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளைகளுக்கே தெரியவில்லை, காலில் புண் வந்த பிறகுதான் தெரிந்தது.

தரங்கம்பாடிக்காரன்:

நாங்கள் லுத்தரன். திடப்படுத்தலுக்கு முன்னால் ஞானோபதேசத்தை (கேள்வி-பதிலாக இருக்கும் விசுவாசப் பாடம்) மனப்பாடமாக ஒப்பிக்க வைப்பார்கள். லுத்தர் 1529-இல் எழுதின சின்ன ஞானோபதேசம். பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்கிற கற்பனைக்கு (எங்களுக்கு எட்டாவது, உங்களில் பலருக்கு ஒன்பதாவது, இதற்கு ஒரு சண்டை வேண்டாம்) அவர் கொடுக்கும் விளக்கம் பொய் சொல்லாதே என்பதோடு நிற்காது. அயலானைக் காட்டிக்கொடுக்காதே, அவன் பேரைக் கெடுக்காதே என்று சொல்லிவிட்டு, அவனுக்காகப் பரிந்து பேசு, அவனைப் பற்றி நல்லதைச் சொல், எதையும் அவனுக்குச் சாதகமாகவே எடுத்துக்கொள் என்று போகும். மழைக்காலம் சிஸ்டர், இந்தக் கடைசி வரி அத்தைக்கும் பொருந்தும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மழைக்காலம்:

எல்லாருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா, எப்பாப்பிரோதீத்து வசனத்தைத் தங்கைக்கு அனுப்பினேன். “அட, பைபிளிலேயே என்னை மாதிரி ஒரு ஆள் இருக்காரா” என்று பதில் போட்டாள். கொஞ்ச நாளாக அவள் எதற்கும் பதிலே போடவில்லை, அதனால் எனக்கு அதுவே பெரிசு.

வீரன் பிரதர், நான் அத்தை பேரையோ ஊரையோ எங்கும் எழுதவில்லை. ஆனாலும் நீங்கள் கேட்டது நியாயம்தான், முன்பின் தெரியாத உங்களிடம் சொல்கிற நான் அவரிடம் இன்னும் சொல்லவில்லை. தங்கை என்னடாவென்றால், “விடு, ஏதாவது கேட்டா நம்மளைத்தான் வாயாடிக் குடும்பம்பாங்க, நாவை அடக்கணும்னுதானே சொல்லியிருக்கு” என்கிறாள். எனக்கு அது சரியாகப் படவில்லை. எது அடக்கம், எது பயம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வார்டு நர்ஸ்:

இந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் எழுதுகிறேன். நர்ஸாக வேலை பார்க்கிறேன், சபைக்கும் போகிறேன், இரண்டு பக்கமும் தெரியும்.

எங்கள் வார்டில் பார்வை நேரத்தில் வருகிற ஜெபக்கூட்டத்து ஆட்கள் ஆரஞ்சுப் பையை மேசையில் வைத்துவிட்டு முதலில் செய்வது கட்டில் காலில் தொங்குகிற கேஸ் ஷீட்டைப் புரட்டுவது. படிக்கத் தெரிந்த ஒருவர் படிப்பார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, ‘கர்த்தாவே, இந்தக் கர்ப்பப்பையில் இருக்கிற கட்டியை’ என்று அடுத்த கட்டிலுக்கும் அதற்கடுத்த கட்டிலுக்கும் கேட்கிற மாதிரி ஜெபம். நாங்கள் போய் ஷீட்டைப் பிடுங்கி வைத்தால், ஜெபத்துக்காகத்தான் பார்த்தோம் சிஸ்டர் என்பார்கள். எச்.ஐ.வி. விஷயத்திலாவது 2017-இல் வந்த சட்டம் ஒன்று இருக்கிறது, சம்மதம் இல்லாமல் ஒருவருடைய நிலையை வெளியே சொல்லக் கூடாது. மற்ற வியாதிகளுக்கும் மனசாட்சி போதும் என்று நினைக்கிறேன், ஆனால் போதவில்லை என்பதைத்தான் தினமும் பார்க்கிறேன்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நாவை அடக்கு என்கிற வசனங்களைச் சபைகளில் யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். அடி வாங்குகிற மனைவிக்கு, சம்பளம் கேட்கிற சபை ஊழியனுக்கு, காணிக்கைக் கணக்கு கேட்கிறவனுக்கு. கணக்கு கேட்டால் ‘மூப்பனுக்கு விரோதமாகப் பேசாதே’ என்பார்கள். 1 தீமோத்தேயு 5:19 உண்மையில் சொல்வது, இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் மூப்பன்மேல் பிராதை ஏற்றுக்கொள்ளாதே என்பது. சாட்சி இருந்தால் ஏற்றுக்கொள் என்றுதானே அர்த்தம்? அடுத்த வசனமே பாவம் செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள் என்கிறது. அந்த வசனத்தை யாரும் சுவரில் மாட்டிவைத்து நான் பார்த்ததில்லை. ஒரு பிள்ளையிடம் யாராவது தப்பாக நடந்தது தெரிந்தால் அங்கே ‘தனியாகப் போய்ப் பேசு’ என்கிற பேச்சுக்கே இடமில்லை. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-ஆம் வருஷம் வந்த போக்சோ சட்டப்படி காவல் துறைக்குச் சொல்லியாக வேண்டும், தெரிந்தும் சொல்லாமல் இருந்தாலே ஆறு மாதம் வரை தண்டனை உண்டு. குழந்தைகள் உதவி எண் 1098-க்கு ஒரு போன் போதும். அதைக் கோள் என்று சொல்கிற பாஸ்டரை நம்பாதீர்கள்.

அடக்கமா பயமா என்று கேட்டீர்கள். எனக்கு உதவினது 1 கொரிந்தியர் 1:11. கொரிந்துவில் சண்டை நடக்கிறது என்று பவுலுக்குத் தகவல் போயிருக்கிறது. அவர் அதை யாருக்கு எழுதுகிறார்? வேறு சபைக்கு இல்லை, சண்டை போடுகிற அதே ஆட்களுக்கு. யார் சொன்னார்கள் என்பதையும் மறைக்கவில்லை, குலோவேயாளின் வீட்டார் சொன்னார்கள் என்று பேரோடு எழுதுகிறார். ‘சிலர் சொல்றாங்க’, ‘பேரு வேண்டாம்’, ‘என் காதுக்கு வந்துது’ எதுவும் இல்லை. குலோவேயாள் வீட்டாரும் தங்கள் பேர் வெளியே வந்தால் வரட்டும் என்று சொல்லியிருக்கிறார்கள் போல. நீங்கள் பேசப்போகிற விஷயத்தை உங்கள் பேரோடு, சம்பந்தப்பட்ட ஆளிடம், அல்லது அதைச் சரி செய்யக்கூடிய ஆளிடம் சொல்ல முடியுமா? முடியும் என்றால் பேசுங்கள். உங்கள் தங்கை பேச வேண்டாம் என்கிறாள், அது அவள் விஷயம், அவளை இழுக்க வேண்டாம். ஆனால் அதே குழுவில் நீங்களும் இருக்கிறீர்கள், உங்கள் பேரில் நீங்கள் பேசலாம்.

மெதடிஸ்ட் மருமகன்:

நர்ஸ் அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 1752 ஜனவரியில் எங்கள் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கின ஜான் வெஸ்லியும் அவர் தம்பி சார்ல்ஸும் கூட இருந்த பிரசங்கிமாரும் ஒரு உடன்படிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். எங்களுக்குள் ஒருவரைப் பற்றி இன்னொருவர் தீமையாக எதையும் கேட்கவோ விசாரிக்கவோ மாட்டோம். காதில் விழுந்தாலும் சட்டென்று நம்ப மாட்டோம். கேட்டதைக் கூடிய சீக்கிரம் சம்பந்தப்பட்டவரிடமே நேரிலோ கடிதத்திலோ சொல்லிவிடுவோம். அப்படிச் சொல்லி முடிக்கும்வரை வேறு யாரிடமும் ஒரு அசைகூடப் பேச மாட்டோம், சொன்ன பிறகும் பேச மாட்டோம். ஊழியத்தில் இருந்த ஆட்களுக்கே இதை எழுதி வைக்க வேண்டி வந்திருக்கிறது, அப்படியென்றால் அவர்களுக்குள் என்னென்ன பேச்சு ஓடியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இதே மாதிரி 1935-க்கும் 1937-க்கும் இடையில் ஜெர்மனியில் பின்கன்வால்டே என்ற இடத்தில் போன்ஹோபர் என்ற லுத்தரன் போதகர் நடத்தின செமினரியில் (போதகர் பயிற்சிப் பள்ளி), அங்கே இல்லாத ஒருவனைப் பற்றிப் பேசாதே, பேசிவிட்டால் அவனிடமே போய்ச் சொல்லிவிடு என்று ஒரு விதி இருந்தது. ஹிட்லர் காலத்தில், போலீஸ் கண்காணிப்பில், அத்தனை நெருக்கடியிலும் அவர்களுக்கு இது முக்கியமாகப் பட்டிருக்கிறது. 1937-இல் ஹிட்லரின் இரகசியப் போலீஸான கெஸ்டபோ அந்த இடத்தை மூடிவிட்டது.

இப்போது உங்கள் அத்தை. என் மாமியார் இதே ரகம், அதனால் சொல்கிறேன். போனில் பேசாதீர்கள், அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், ஜெபக்கூட்டம் முடிந்து பாய் சுருட்டும் நேரத்திலும் வேண்டாம். மத்தேயு 18:15-இல் ‘நீயும் அவனும் தனித்திருக்கையில்’ என்று இருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வார நாளில், மத்தியானச் சாப்பாடு முடிந்து அவர் சும்மா இருக்கும் நேரம் பார்த்துப் போங்கள். கஞ்சி கொண்டுவந்த கதையை முதலில் எடுக்காதீர்கள், எடுத்தால் அவர் அழுதுவிடுவார், நீங்களும் அழுதுவிடுவீர்கள், சொல்ல வந்தது நின்றுபோகும். ‘அத்தை, அந்த வாய்ஸ் நோட்டைக் கேட்டு ஒருத்தர் பேய் ஓட்ட சித்தி வீட்டுக்கே வந்துட்டார்’ என்று நடந்ததை மட்டும் சொல்லுங்கள். அவருக்கு அது தெரியாமலே இருக்கலாம். நீங்கள் ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்க வேண்டாம், அதற்கு அவரிடம் தயாராக ஒரு பதில் இருக்கிறது, அதை ஏற்கெனவே உங்கள் அம்மாவிடம் சொல்லியும் விட்டார்.

அப்புறம் அவர் செய்யக்கூடிய ஒரு காரியத்தைக் கேளுங்கள். வாய்ஸ் நோட்டைக் குழுவிலிருந்து எடுக்கச் சொல்லலாம், ஆனால் எப்போதோ போட்டதை எல்லாருக்கும் அழிக்க வாட்ஸ்அப் விடாது, போனவர்களிடம் போனதுதான். ‘அது தப்பான செய்தி’ என்று இன்னொரு வாய்ஸ் நோட் மட்டும் போட விடாதீர்கள், கேட்காமல் விட்டவர்களும் முதலாவதைத் தேடிப்போய்க் கேட்பார்கள். அதற்குப் பதிலாக, ஆவி என்று கிளப்பிவிட்டவர்கள் யார் என்று அவருக்குத் தெரிந்திருக்கும், அவர்களிடம் அவரே நேரில் போய்ப் பேசட்டும். அத்தை சொன்னால் அந்தத் தெரு கேட்கும், நீங்கள் சொன்னால் கேட்காது. குழுவுக்கும் ஒரு ஏற்பாடு, வாத்தியார் ஐயா சொன்னதுதான். பேர் மட்டும், அதுவும் அந்த ஆளிடம் கேட்டுவிட்டு. எங்கள் சபையில் இப்போது ‘கீழத்தெரு அக்காவுக்காக ஜெபியுங்கள்’ என்றுதான் வருகிறது. ஆரம்பத்தில் “என்னவாம், என்னவாம்” என்று பத்துப் பேர் கேட்டார்கள், அட்மின் பதில் போடவில்லை, பழகிவிட்டது.

அவர் கோபப்பட்டால் எழுந்து வந்துவிடுங்கள், இரண்டாம் தரம் ஒரே ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போகலாம், ஆயரின் மனைவி மாதிரி. அதுவரை இங்கேகூட அவரைப் பற்றி மேற்கொண்டு எழுத வேண்டாம். வெஸ்லி ஆட்களின் உடன்படிக்கையில் கடைசியாக ஆறாவது விதி ஒன்று உண்டு. இந்த விதிகளுக்கு விலக்கு, கூடிப் பேசும் சங்கத்தில் சொல்லியே ஆக வேண்டும் என்று மனசாட்சி கட்டாயப்படுத்தினால் மட்டும். நர்ஸ் அக்கா சொன்ன போக்சோ மாதிரியான விஷயங்களில் அது போதாது, அங்கே நேரே போலீஸ்தான். உங்கள் அத்தை விஷயம் அந்த ஆறாவது வரைக்கும் போகாது என்றுதான் நினைக்கிறேன்.